பிள்ளை டர்பன்டைன் குடித்த அன்று: அலைந்ததும் தெரிந்துகொண்டதும்

1800 116 117. மேலே படிப்பதற்கு முன்னால் இந்த எண்ணை உங்கள் போனில் ஏற்றிவிடுங்கள். 'விஷம்' என்றே பெயர் போட்டு வையுங்கள், பதற்றத்தில் தேடும்போது சட்டென்று கண்ணில் படும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995-லிருந்து இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் எண் இது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். என் பையன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இப்படி ஒரு மையம் இருப்பதே எனக்குத் தெரிய வந்தது. அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தார், க்ளினிக், நர்சிங் ஹோம் என்று அலைந்த அலைச்சலில் போன நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இங்கே நான், மாமியார், இரண்டு வயதுப் பையன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம், ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்து, ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் எனாமல் பெயின்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெயின்டர் அண்ணன் பிரஷ் கழுவுவதற்காக டின்னிலிருந்து டர்பன்டைனை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வைத்திருந்தார். எல்லா பெயின்டரும் செய்வதுதான். பார்த்தால் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கும். அவர் டீ குடிக்கப் போனார், மாமியார் அடுப்படியில் இருந்தார், நான் மெஷினில். எனக்குக் கேட்டது இருமல் சத்தம்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டை நனைந்து, கண் சிவந்து, வாயெல்லாம் டர்பன்டைன் வாடை.

அடுத்த பத்து நிமிஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. "விரலை விட்டு வாந்தி எடுக்க வை" என்றார் அத்தை. பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். மாடி வீட்டுப் பாட்டி பால் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் தேங்காய் எண்ணெய் என்றார். புளித்தண்ணீர் என்று சொன்னவரும் உண்டு. எல்லோரும் பாசத்தில் சொன்னவர்கள்தான், எல்லாமே தப்பு. அவனைப் பிடித்து உப்புத் தண்ணீரைப் புகட்டப் பார்த்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு, காலால் உதைத்து, ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அன்றைக்கு அவனுக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

ஏன் என்று பிற்பாடு டாக்டர் விளக்கினார். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், கடையில் விற்கும் மினரல் டர்பன்டைன் எல்லாம் ஒரே குடும்பம், பெட்ரோலியத்திலிருந்து வருபவை. ஒரு மடக்கு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆபத்து நுரையீரலுக்குத்தான். இந்த எண்ணெய்கள் ரொம்ப மெல்லிசு. விழுங்கும்போது சில சொட்டுகள் மூச்சுக்குழாயில் நழுவினாலே போதும், நுரையீரல் முழுக்கப் பரவி வெந்துபோகிற மாதிரி ஆக்கிவிடும். பிள்ளை இருமினால் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். வாந்தி எடுக்க வைத்தால் வயிற்றில் இருப்பதும் மேலே வந்து அதே குழாயில் இறங்கும். டாய்லெட் ஆசிட், ப்ளீச்சிங் போன்றவற்றில் கதை வேறு, முடிவு ஒன்று: இறங்கும்போது ஒரு தடவை உணவுக்குழாயைச் சுட்டது, ஏறும்போது மறுபடி சுடும். சூடக்கட்டியை விழுங்கிய பிள்ளைக்குச் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். அந்த நேரத்தில் வாந்தியும் வந்தால் அது நேராக மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். உப்புத் தண்ணீர் தனி விஷம், சின்னப் பிள்ளைக்கு ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே ஆளைக் கொல்லும். ஆக, எதைக் குடித்திருந்தாலும் வீட்டில் வைத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

ஆட்டோ பிடித்து எங்கள் தெருமுனை க்ளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். அங்கிருந்து ஒரு நர்சிங் ஹோம். எந்த நர்சிங் ஹோம் என்பது வேண்டாம், அங்கே நடந்தது வேறு எங்கேயும் நடக்கக்கூடியதுதான். வாசலிலேயே "இது போலீஸ் கேஸ் ஆகுமே" என்று தயங்கினார்கள். பிறகு 8,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். டியூட்டி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூக்கு வழியாக டியூப் விட்டு வயிற்றைக் கழுவ வேண்டும் என்றார். நர்ஸ் டியூப் எடுக்கப் போன இடைவெளியில்தான், எதையாவது செய்யவேண்டும் போலிருக்க, போனில் தேடினேன். அந்த எண் கிடைத்தது.

எடுத்தவர் அரக்கப் பரக்கப் பேசவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்துக்குப் பொறுமையாக நின்று பதில் சொன்னார். அவர் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன், நீங்கள் கூப்பிடும்போது பதில் தயாராக இருக்கட்டும். வயது என்ன, எடை எத்தனை கிலோ, என்ன குடித்தான், எவ்வளவு இருக்கும், எத்தனை மணிக்கு, இப்போது எப்படி இருக்கிறான், வாந்தி எடுத்தானா, இதுவரை என்ன கொடுத்தீர்கள். எடை எனக்குத் தெரிந்திருந்தது, தடுப்பூசி அட்டையில் இருந்தது. எவ்வளவு என்பதுதான் திணறல். இரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு மடக்கு ஏறக்குறைய 5 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்வார்களாம். எத்தனை மடக்கு என்று நம்மால் சொல்ல முடியாவிட்டாலும், முன்பு பாட்டிலில் எந்த அளவு இருந்தது, இப்போது எந்த அளவு இருக்கிறது, எவ்வளவு கீழே சிந்தியிருக்கிறது என்று சொன்னால் போதும்.

"என்ன குடித்தான்" என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். பாட்டில் கையில் இருக்கிறது. அதில் ஒட்டியிருப்பது ஒரு குடிநீர் கம்பெனியின் லேபிள்! உள்ளே இருப்பது டர்பன்டைனா, தின்னரா? இரண்டும் ஒன்றில்லை, தின்னரில் வேறு கரைப்பான்களும் சேர்ந்திருக்கும். பெயின்டர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எங்கள் வீட்டு வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். டின்னை நாலாபக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மினரல் டர்பன்டைன்தான். அப்போது அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அந்தப் படத்தை வேறு யாரும் அனுப்பியிருக்க முடியாது. பாட்டில் மாற்றி ஊற்றிய சரக்கானால், முதலில் ஊற்றியவரைப் பிடியுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மையத்தில் சொன்ன பதில் சுருக்கமாக இருந்தது. வாந்தி வேண்டாம், வயிற்றைக் கழுவ வேண்டாம், பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். மூச்சைக் கவனிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு ஆக்சிஜன் வசதி உள்ள ஆஸ்பத்திரியில், அவன் நன்றாகத் தெரிந்தாலும் குறைந்தது 6 மணி நேரம் வைத்துப் பார்க்கவேண்டும், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவேண்டும். இவனுக்கு ஏற்கெனவே இருமலும் மூச்சிரைப்பும் இருப்பதால் உடனே கிளம்புங்கள் என்றார். போனை டியூட்டி டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார். டாக்டர்களும் நர்ஸ்களும்கூட அந்த எண்ணைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கிறார்கள் என்பதும், அவர்களோடு பேசுவது மையத்துக்கு வழக்கமான வேலை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. இந்த டாக்டர் வாங்கவில்லை. "அப்போ கையெழுத்துப் போட்டுட்டு கூட்டிட்டுப் போங்கம்மா, எதுன்னாலும் எங்க பொறுப்பு இல்ல" என்றார். கை நடுங்கியது. ஒரு பக்கம் கண்ணெதிரே நிற்கும் டாக்டர், இன்னொரு பக்கம் முகம் தெரியாத குரல். கேட்க வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லை. போட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். மையம் ஆஸ்பத்திரிக்கு மாற்று கிடையாது. அவர்கள் வண்டி அனுப்பமாட்டார்கள், ஊசி போடமாட்டார்கள். பிள்ளை நினைவில்லாமல் கிடந்தால், வலிப்பு வந்தால், மூச்சு இழுத்தால், உதடு நீலமானால் முதல் போன் 108-க்குத்தான். அப்படி எதுவும் இல்லாமல், "ஏதோ வாயில் போட்டுவிட்டான், ஓடலாமா வேண்டாமா" என்று தவிக்கும்போதுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். தமிழில்தான் பேச முடியும் என்றால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. நானும் நர்சிங் ஹோமிலிருந்து 108-ல்தான் போனேன். ஆட்டோவில் ஆக்சிஜன் கிடையாதே. வீட்டிலிருந்தே அதைக் கூப்பிட்டிருந்தால் அலைச்சலில் பாதி மிச்சம்.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு சிஸ்டர் முதலில் செய்த வேலை, அவனுடைய நனைந்த சட்டையைக் கழற்றி எறிந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவியது. அதுவரை அத்தனை பேர் பார்த்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஈரம் தோலைப் புண்ணாக்கும், அதன் ஆவியையும் பிள்ளை இழுத்துக்கொண்டே இருக்கும். துணியைக் கழற்றிக் கழுவுவது வீட்டிலேயே செய்யக்கூடியது. கண்ணில் தெறித்திருந்தால் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் அலசவேண்டும். பிறகு ஆக்சிஜன், எக்ஸ்ரே. டியூப் இல்லை, கழுவல் இல்லை. மாத்திரை, மருந்து என்றும் ஒன்றும் கொடுக்கவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. ராத்திரி காய்ச்சல் ஏறியதும் "ஆன்ட்டிபயாடிக் போடுங்க டாக்டர்" என்று சண்டையே போட்டேன். வயதில் என்னைவிடச் சின்னப் பெண்தான், கோபப்படாமல் சொன்னார்: "கிருமியால வந்த காய்ச்சல் இல்லக்கா, எண்ணெய் பட்டு உள்ள வீங்கியிருக்கு. அதான் கொதிக்குது. கிருமி சேருதான்னு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்." மறு எக்ஸ்ரேயில் புகை மாதிரி படர்ந்திருந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தான். சில பிள்ளைகளுக்கு வெண்டிலேட்டர் வரைக்கும் போகுமாம்.

போலீஸ் பற்றி. விஷம் சம்பந்தப்பட்ட எதுவானாலும் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார்கள். அங்கேயே இருக்கும் காவலர் வந்து என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். இதற்குப் பயந்து "ஏதோ வயித்துவலி" என்று பொய் சொல்லாதீர்கள், தப்பான வைத்தியம் நடக்கும். போலீஸ் கேஸ் என்று சொல்லி எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையை மறுக்கவும் முடியாது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்றவேண்டும், சம்பிரதாயமெல்லாம் பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாசலில் நின்றபோது எனக்கு இது தெரியாமல் போயிற்று.

வார்டில் இருந்த நாட்களில் பக்கத்துப் படுக்கைகளைப் பார்த்துத்தான் எனக்கு உண்மை உறைத்தது. எங்களுக்கு நடந்தது ஏதோ அதிசயம் என்று நினைத்திருந்தேன். "பொங்கல் வந்தா பெயின்ட் எண்ணெய் கேஸ் வரும்கா, எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார் சிஸ்டர். அடுத்த கட்டிலில் பாட்டியின் சர்க்கரை மாத்திரையை விழுங்கிய பெண் குழந்தை. சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாள், மணிக்கொரு தரம் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்று போதுமாம் சின்னப் பிள்ளைக்குச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்க, அதுவும் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில். அதனால் ஒரு நாள் முழுக்கப் பார்க்காமல் அனுப்பமாட்டார்கள். அந்தக் குழந்தையின் அப்பா "நல்லாத்தானே இருக்கா, வீட்டுக்குப் போறோம்" என்று மல்லுக்கு நின்றார். இன்னொரு ஓரத்தில் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பையன்கள், வேலியில் இருந்த காட்டாமணக்குக் கொட்டையை வேர்க்கடலை மாதிரி உடைத்துத் தின்று, ஒன்றாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள்.

தக்காளித் துண்டில் தடவி வைத்த எலி மருந்துப் பசையை வாயில் வைத்த ஒரு குழந்தையும் இருந்தாள். அவளுடைய அம்மாவின் முகத்தை மறக்க முடியவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையின் குணம் மோசமானது. முதல் நாள் வாந்தி, அடுத்து பிள்ளை தேறிவிட்டது போலத் தெரியும், அதற்கப்புறம்தான் ஈரல் கெடும். முறிவு மருந்து கிடையாது. தமிழக அரசு தடை செய்த சரக்கு அது, ஆனால் பழைய ட்யூப் பரணில் கிடந்தால் தடை என்ன செய்யும்? வாயில் பட்டது சந்தேகம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், தேறினாலும் டாக்டர் சொல்லும்வரை வீட்டுக்கு வரக்கூடாது. விழுங்கினால்தான் விஷம் என்றும் இல்லை. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியில் ஏ.சி. போட்டுத் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தது பேப்பரில் வந்ததே.

இதிலிருந்து நான் கவனித்தது, பெரும்பாலும் தவழ்ந்து நடக்கும் வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள்தான். சாமான் அலமாரியில் இருக்கும்போது நடப்பதைவிட, புழக்கத்தில் இருக்கும்போது நடப்பதே அதிகம்: கொசு லிக்விட் ரீஃபில் மாற்றும்போது, பாத்ரூம் கழுவும்போது, பாட்டி மாத்திரையை எண்ணி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும்போது. பூட்டி வை என்று எல்லோரும் சொல்கிறார்கள், புழங்கும்போது யார் காவல் என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளையடிப்பு, வீடு மாறுவது, கல்யாண வேலை என்று வீடு கலைந்து கிடக்கும் நாட்களில் பிள்ளையை வேறு வீட்டில் விடுவதுதான் நடைமுறைக்கு ஆகும் வழி என்று எனக்குப் படுகிறது. பெரியவர்களுக்கும் வருவது ஒன்று உண்டு. டாய்லெட் ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் சேர்த்து ஊற்றிக் கழுவினால் குளோரின் வாயு கிளம்பும். நெஞ்சு எரிந்தால் கதவைத் திறந்துபோட்டு வெளியே ஓடிவிடுங்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் "நீ எங்க இருந்த?" என்று கேட்டார்கள். பெயின்டரை யாரும் கேட்கவில்லை, மஸ்கட்டில் இருந்தவரையும் கேட்கவில்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர், மாத்திரை எத்தனை என்று டாக்டர் கேட்டபோது மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு "ஒண்ணுதான்" என்று மென்று முழுங்கினார். சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் சரியான கணக்கு வந்தது. வீட்டில் பழி சொல்லும் பழக்கம் இருந்தால் ஆஸ்பத்திரியில் உண்மை வெளியே வராது. பெயின்டர் அண்ணன் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து வார்டு வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன்.

செலவுக் கணக்கு. பெரியாஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு இல்லை. நர்சிங் ஹோம் அட்வான்ஸ் 8,000, சாப்பாடு, ஆட்டோ, மருந்துக் கடை என்று இன்னொரு 3,000. பெரிய அடி தையலில்தான். பொங்கலுக்கு வாங்கிய ஆர்டரில் முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுத்தேன். 14,000 ரூபாய் வரவேண்டியது போயிற்று, அதோடு வெளியில் கொடுத்துத் தைத்துக்கொண்ட சிலர் மறுபடி வரவில்லை.

டிஸ்சார்ஜ் ஆனபோது சில வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். காய்ச்சல் போன பிறகும் சில பிள்ளைகளுக்கு நுரையீரலில் காற்றுக் கொப்புளம் வருவதுண்டாம். எடுத்தோம், இவனுக்கு ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரே படங்களையும் கோப்பில் வைத்திருக்கிறேன், அடுத்து சளி பிடித்தால் டாக்டரிடம் காட்டவேண்டும் என்பதற்காக. நர்சிங் ஹோம் அட்வான்ஸில் பார்த்த செலவு போக மீதியைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னென்ன செய்தார்கள் என்று விவரமாக பில் கேட்டதற்கு, "மேனேஜர் வரட்டும்" என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் நிலை உங்களுக்கு வந்தால், அந்தத் தாளின் நகலையும் பில்லையும் அப்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.